பட்டியல்[நிலை] எந்த முகவரிக்குப் போகிறது? கொம்பைலர் தரும் அசெம்பிளியைப் படிக்க முழுமையான வழிகாட்டி

சி மொழியில் பட்டியல்[நிலை] என்று எழுத ஒரு நொடி போதும். அது நினைவகத்தில் எந்த பைட்டைத் தொடும் என்பதைத் தீர்மானிக்கப் பல பேர் சேர வேண்டியிருக்கிறது. கொம்பைலருக்கு ஒரு பகுதி தெரியும். கோப்புகளை ஒரே புரோகிராமாக இணைக்கும் லிங்கருக்கும், அதை நினைவகத்தில் ஏற்றும் லோடருக்கும் வேறு பகுதிகள் தெரியும். இன்னொன்று புரோகிராம் ஓடும்போதுதான் ரெஜிஸ்டருக்கு (ப்ரொசெசருக்குள் உள்ள சிறு சேமிப்பிடம்) வந்து சேரும். மிச்சத்தை, முகவரியை உண்மையான நினைவக இடத்துக்கு மாற்றும் இயங்குதளத்தின் பக்க அட்டவணை பார்த்துக்கொள்ளும்.

வெள்ளவத்தையில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் சிறிய வகுப்பொன்று எடுக்கிறேன். உயர்தரம் முடித்தவர்களும் வெளிவாரிப் பட்டத்துக்குப் படிப்பவர்களும் வருவார்கள். அநேகமாக எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்: அசெம்பிளியை, அதாவது கொம்பைலர் ப்ரொசெசருக்காக எழுதும் கட்டளைகளை, கண்டதும் மேலிருந்து கீழாக வரிக்கு வரி வாசிக்கத் தொடங்கி, பத்தாவது வரியில் கைவிட்டுவிடுகிறார்கள். இங்கே நான் சொல்லும் ஒழுங்கு வேறு. முகவரியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் பார்த்து “இது யாருக்கு, எப்போது தெரியும்?” என்று கேட்க வேண்டும். கீழேயுள்ள படிகள் அந்தக் கேள்வியின் வரிசையிலேயே போகின்றன. ஆகவே இடையில் எதையும் தாண்டாதீர்கள்.

திரையில் ஆங்கில எழுத்தில் தெரியும் கட்டளைகளையும் ரெஜிஸ்டர் பெயர்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன்.

1. தொடங்க முதல் வேண்டியவை

சி மொழியில் அணி, பொயின்டர், ஸ்ட்ரக்சர் மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஹெக்ஸ் எண்களைக் கூட்டத் தெரிந்தால் நல்லது. அசெம்பிளி முன்பின் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

எக்ஸ்86-64 (64 பிட் இன்டெல் அல்லது ஏஎம்டி) ப்ரொசெசர் உள்ள ஒரு லப்டொப்பும் அதில் லினக்ஸும் வேண்டும். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வாங்கிய பழைய மெஷினே தாராளம். விண்டோஸை அழிக்க மனமில்லாதவர்கள், அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட்டுக்கொள்ளலாம். உபுண்டுவில் ஜிசிசி (கொம்பைலர்), ஜிடிபி (டிபக்கர்), ஒப்ஜ்டம்ப் (ஒப்ஜெக்ட் கோப்பைப் பிரித்துக் காட்டும் கருவி) ஆகியவற்றோடு ரிஸ்க்-ஃபைவ், ஆர்ம் என்ற வேறு ப்ரொசெசர் வகைகளுக்கான கிராஸ் கொம்பைலர்களையும் முதலிலேயே நிறுவிவிடுங்கள். சியைக் கொடுத்தால் அசெம்பிளியைக் காட்டும் கொம்பைலர் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் போன் பிரவுசரிலும் வேலை செய்யலாம். ஆனால் 11ஆம் படியில் லிங்கரின் வேலையைப் பார்ப்போம். அதற்குக் கையில் உண்மையான ஒப்ஜெக்ட் கோப்பு (கொம்பைல் ஆகி, இன்னும் லிங்க் ஆகாதது) இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் இரண்டு பிழைகள் அடிக்கடி நடக்கும். விண்டோஸிலேயே மின்ஜிடபிள்யூ கொம்பைலரைப் பாவிப்பவர்களுக்கு முதல் ஆர்கியுமென்ட் ஆர்சிஎக்ஸ் ரெஜிஸ்டரில் வரும். லினக்ஸில் அது ஆர்டிஐ. பக்கத்தில் இருப்பவரின் திரையோடு ஒப்பிட்டுவிட்டு “எனக்குப் பிழையாக வருகிறது” என்பார்கள். பிழை ஒன்றுமில்லை, இரண்டு இயங்குதளங்களின் அழைப்பு மரபு வேறு, அவ்வளவுதான். எம்1 அல்லது அதற்குப் பிந்திய அப்பிள் சிப் உள்ள மக் வைத்திருப்பவர்களுக்கு வருவது ஆர்ம் அசெம்பிளி. அவர்கள் இப்போதைக்குக் கொம்பைலர் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் எக்ஸ்86-64 ஜிசிசியைத் தெரிவுசெய்வது சுலபம்.

லினக்ஸில் ஆர்கியுமென்ட்கள் வரும் ஒழுங்கை ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள்: ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்8, ஆர்9. முழு எண் விடை ஆர்ஏஎக்ஸில் திரும்பும், தசம எண் விடை எக்ஸ்எம்எம்0இல் திரும்பும். இது தெரியாமல் அசெம்பிளியைப் பார்த்தால் எந்த ரெஜிஸ்டரில் எது இருக்கிறது என்றே பிடிபடாது.

2. முதலில் தாளில் கணக்கு

அசெம்பிளியைத் திறக்கும் முன் விடையை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். என்ன வரப்போகிறது என்று தெரிந்தபின் பார்த்தால், கொம்பைலர் அதை எப்படிச் செய்தது என்பது மட்டும்தான் புதிதாக இருக்கும்.

இன்ட் அணியில் கணக்கு இது: அணியின் தொடக்க முகவரி + நிலை × 4. இன்ட் ஒன்று 4 பைட் என்பது கொம்பைலருக்குத் தெரிந்த துண்டு. தொடக்க முகவரியும் நிலையும் ஓடும்போது ரெஜிஸ்டர்களில் வரும் துண்டுகள்.

இனி ஸ்ட்ரக்சர். பஸ் என்று ஒன்று வைத்துக்கொள்வோம். அதற்குள் இந்த ஒழுங்கில் மூன்று உறுப்புகள்: வகை (ஒரு சார், 1 பைட்), கட்டணம் (ஒரு டபிள், 8 பைட்), இலக்கம் (ஒரு இன்ட், 4 பைட்). 100, 101, 138 போன்ற இலக்கங்கள் கடைசி உறுப்பில் இருக்கும். மொத்தம் எத்தனை பைட் என்று கேட்டால் வகுப்பில் உடனே வரும் பதில் 13. சரியான விடை 24.

காரணம் சீரமைப்பு. லினக்ஸ் எக்ஸ்86-64இல் டபிள் ஒன்று 8ஆல் வகுபடும் முகவரியில்தான் தொடங்க வேண்டும். ஆகவே வகை 0இல் இருக்க, அதன்பின் 7 பைட் வெற்றிடம் விழுகிறது. கட்டணம் 8இலும் இலக்கம் 16இலும் தொடங்குகின்றன. அது 20இல் முடிந்தாலும், அணியில் அடுத்த பஸ்ஸின் கட்டணமும் 8ஆல் வகுபட வேண்டும் என்பதால் கடைசியில் இன்னும் 4 பைட் சேர்கிறது. அந்தக் கடைசி 4 பைட்டைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

ஆக, பட்டியல்[நிலை].கட்டணம் = தொடக்கம் + நிலை × 24 + 8. இதை எழுதி வையுங்கள், 6ஆம் படியில் தேவைப்படும்.

3. சின்ன ஃபங்ஷன், மெயின் வேண்டாம்

எடு என்று ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். முதல் ஆர்கியுமென்ட் இன்ட் பொயின்டர் பட்டியல், இரண்டாவது லோங் நிலை. உள்ளே ஒரே வரி: பட்டியல்[நிலை]ஐத் திருப்பு. கோப்பில் வேறொன்றும் வேண்டாம்.

புதியவர்கள் முழு புரோகிராமும் எழுதி, மெயினுக்குள்ளேயே அணியை வைத்து, நிலை = 3 என்று போட்டு கொம்பைல் செய்வார்கள். விடையை அப்போதே கணித்துவிடும் கொம்பைலர், அசெம்பிளியில் வெறும் மாறிலியை மட்டும் விட்டுவைக்கும். விடையைப் பாவிக்காமல் விட்டால் அந்த வரியே மறைந்துவிடும். ஃபங்ஷனுக்கு ஸ்டெடிக் போட்டால், யாரும் அழைக்காத பட்சத்தில் முழு ஃபங்ஷனும் காணாமல் போகும். வெளியிலிருந்து ஆர்கியுமென்ட் வாங்கும், ஸ்டெடிக் இல்லாத ஃபங்ஷன் என்றால் கொம்பைலர் எதையும் முன்கூட்டி அறிய முடியாது. முகவரிக் கணக்கை எழுதித்தான் ஆக வேண்டும்.

கொம்பைல் செய்யும்போது இவற்றைக் கொடுங்கள்:

-ஓ2 -எஸ் -மாஸ்ம்=இன்டெல் -எஃப்நோ-அசிங்க்ரோனஸ்-அன்வைண்ட்-டேபிள்ஸ் -எஃப்சிஎஃப்-ப்ரொடெக்‌ஷன்=நன் -எஃப்நோ-ட்ரீ-வெக்டரைஸ்

-ஓவும் -எஸ்ஸும் ஆங்கிலப் பெரிய எழுத்து. -எஸ் அசெம்பிளியோடு நிறுத்தும். இன்டெல் எழுத்துமுறையில் சேருமிடம் இடப்பக்கம் வரும், முகவரி சதுர அடைப்புக்குள் வரும். ஜிசிசி வழக்கமாகத் தரும் ஏடி&டி முறையில் மூலம் இடப்பக்கம், சேருமிடம் வலப்பக்கம். இரண்டையும் கலந்து படித்தால் எல்லாம் தலைகீழாகும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். அடுத்த இரண்டும் சிஎஃப்ஐ வரிகளையும் ஃபங்ஷன் தலையில் வரும் எண்ட்பிஆர்64 கட்டளையையும் நீக்கும். அவை முகவரிக்குச் சம்பந்தமில்லாதவை. கடைசியில் உள்ளது லூப்களை வெக்டராக்குவதை, அதாவது ஒரே கட்டளையில் பல உறுப்புகளைக் கையாளும்படி மாற்றுவதை, தடுக்கும். ஜிசிசி 12இலிருந்து -ஓ2விலேயே அது நடக்கிறது. படிக்கும் காலத்தில் அது தொல்லைதான்.

4. ஓ0வை ஒருமுறை பார்த்துவிட்டு விடுங்கள்

அதே கோப்பை -ஓ2வுக்குப் பதில் -ஓ0 போட்டு ஒருமுறை கொம்பைல் செய்யுங்கள். ஒரு வரி ஃபங்ஷனுக்குப் பத்து வரிக்குக் கிட்ட வரும். ஆர்டிஐயை [ஆர்பிபி-8]இலும் ஆர்எஸ்ஐயை [ஆர்பிபி-16]இலும் எழுதிவிட்டு உடனே அங்கிருந்தே திருப்பி எடுக்கும். 4ஆல் பெருக்க ஒரு கட்டளை, கூட்ட ஒன்று, எடுக்க ஒன்று.

இதைப் பார்த்துவிட்டு கொம்பைலருக்கு மூளையில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். ஓ0வின் நோக்கமே டிபக்கர்தான். சி வரி ஒவ்வொன்றும் முடிந்தபின் எல்லா மாறிகளும் நினைவகத்தில் அதனதன் இடத்தில் இருந்தால்தான் ஜிடிபியால் காட்டவும் மாற்றவும் முடியும். ஸ்டாக்கில் (ஃபங்ஷனின் உள்ளூர் மாறிகளுக்கான நினைவகப் பகுதி) மாறிகள் அடிப்படை ரெஜிஸ்டர் + நிலையான தூரம் என்று இருப்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம். பார்த்ததும் -ஓ2வுக்குத் திரும்புங்கள்.

5. சதுர அடைப்பைப் பிரித்துப் படித்தல்

ஓ2வில் எடு ஃபங்ஷன் இப்படி வரும்:

மூவ் ஈஏஎக்ஸ், [ஆர்டிஐ + ஆர்எஸ்ஐ*4]
ரெட்

ஈஏஎக்ஸ் என்பது ஆர்ஏஎக்ஸின் கீழ் 32 பிட். உங்கள் தாளிலுள்ள கணக்கு அப்படியே அடைப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. எக்ஸ்86-64 முகவரி ஒன்றில் அதிகபட்சம் நான்கு துண்டுகள் இருக்கலாம்: அடிப்படை ரெஜிஸ்டர், சுட்டு ரெஜிஸ்டர், பெருக்கி, பெயர்ச்சி. பெருக்கி 1, 2, 4, 8 மட்டுமே. கட்டளைக்குள் அதற்கு ஒதுக்கியது 2 பிட், அதில் நான்கு தெரிவுதான் கொள்ளும். பெயர்ச்சி என்பது கட்டளைக்குள்ளேயே பதிந்த, குறியுள்ள 8 அல்லது 32 பிட் எண்.

நான்கு துண்டுகளுக்கும் தாளில் நான்கு பத்தி போட்டு நிரப்புங்கள். பெருக்கியும் பெயர்ச்சியும் கொம்பைல் நேரத்தில் தெரிந்தவை, அதனால்தான் அவை கட்டளைக்குள் எண்ணாக இருக்கின்றன. ரெஜிஸ்டர்களில் உள்ளவை ஓடும்போது மட்டும் தெரிபவை.

இங்கே பெரிய குழப்பம் தருவது லீ என்ற கட்டளை. அதற்கும் இதே சதுர அடைப்புதான். ஆனால் லீ நினைவகத்தைத் தொடவே தொடாது. அடைப்புக்குள் உள்ள கூட்டலைச் செய்து, வந்த எண்ணை ரெஜிஸ்டரில் போடும், அத்தோடு சரி. முகவரிக்கே சம்பந்தமில்லாத கணக்குக்கும் கொம்பைலர் அதைப் பாவிக்கும். ஒரு எண்ணை 5ஆல் பெருக்க லீ ஏதோ, [ஆர்டிஐ + ஆர்டிஐ*4] என்று வருவது சாதாரணம். லீயைக் கண்டால் “இது வாசிப்பு அல்ல, கூட்டல்” என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

6. ஸ்ட்ரக்சர் அளவு 24 ஆனால் என்ன நடக்கும்

இனி பஸ் அணியிலிருந்து கட்டணத்தை எடுக்கும் ஃபங்ஷனை எழுதுங்கள். தாளில் இருப்பது நிலை × 24 + 8. ஆனால் 24 என்ற பெருக்கி ப்ரொசெசரிடம் இல்லை. கொம்பைலர் செய்வது இது:

லீ ஆர்ஏஎக்ஸ், [ஆர்எஸ்ஐ + ஆர்எஸ்ஐ*2]
மூவ்எஸ்டி எக்ஸ்எம்எம்0, [ஆர்டிஐ + ஆர்ஏஎக்ஸ்*8 + 8]

முதல் வரியில் 3ஆல் பெருக்கல். இரண்டாவது வரியின் பெருக்கி 8. மூன்றெட்டு இருபத்துநான்கு. கடைசி +8 கட்டணத்தின் தூரம். ப்ரொசெசர் தராததைக் கொம்பைலர் கட்டளைகளைக் கோத்து உருவாக்கிக்கொள்கிறது. இந்த வேலைப்பங்கீடுதான் இந்த வழிகாட்டி முழுக்க திரும்பத் திரும்ப வரப்போகிறது.

அடுத்து உறுப்புகளின் ஒழுங்கை மாற்றுங்கள்: கட்டணம், இலக்கம், வகை. இப்போது அளவு 16, கட்டணத்தின் தூரம் 0. கொம்பைலர் ஆர்எஸ்ஐயை 4 பிட் இடப்பக்கம் நகர்த்திவிட்டு [ஆர்டிஐ + ஆர்எஸ்ஐ] என்று எடுக்கும். கட்டளை எண்ணிக்கை குறையவில்லை, ஆனால் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் 8 பைட் மிச்சம். ப்ரொசெசருக்கு அருகிலுள்ள வேகமான சிறு நினைவகமான கேஷின் 64 பைட் வரியொன்றில் முன்பு இரண்டு பஸ் முழுதாகவும் மூன்றாவது அரைகுறையாகவும் இருந்தன. அணி 64ஆல் வகுபடும் முகவரியில் தொடங்கினால் இனி சரியாக நான்கு கொள்ளும்.

“கொம்பைலரே ஏன் ஒழுங்கை மாற்றவில்லை?” என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. உறுப்புகள் எழுதிய ஒழுங்கிலேயே நினைவகத்தில் இருக்க வேண்டும் என்பது சி மொழியின் விதி. தனித்தனியாகக் கொம்பைல் ஆகும் இன்னொரு கோப்பும் அதே ஸ்ட்ரக்சரைப் பாவிக்கலாம் அல்லவா? ஒழுங்கு உங்கள் பொறுப்பு. சும்மா சொல்வதானால், பெரிய உறுப்பை முதலில் போடும் பழக்கம் பெரும்பாலும் காப்பாற்றும்.

7. அதே கோப்பை வேறு ப்ரொசெசருக்குக் கொடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட விரும்புபவர்கள்தான் அதிகம். தாண்டினால் எக்ஸ்86 செய்வதுதான் இயற்கை நியதி என்ற எண்ணம் ஊறிவிடும்.

ரிஸ்க்-ஃபைவில் எடு ஃபங்ஷன் இப்படி:

எஸ்எல்எல்ஐ ஏ1, ஏ1, 2
அட் ஏ0, ஏ0, ஏ1
எல்டபிள்யூ ஏ0, 0(ஏ0)

அதன் அடிப்படைக் கட்டளைத் தொகுப்பில் நினைவக முகவரிக்கு ஒரே வடிவம்தான்: ஒரு ரெஜிஸ்டர் + குறியுள்ள 12 பிட் எண். சுட்டும் இல்லை, பெருக்கியும் இல்லை. ஆகவே 4ஆல் பெருக்குவது ஒரு நகர்த்தல் கட்டளையாகவும் கூட்டுவது இன்னொன்றாகவும் வெளியே வருகின்றன. வன்பொருள் எளிதாகிறது, கொம்பைலரின் சுமை கூடுகிறது. இசட்பிஏ என்ற நீட்டிப்பு உள்ள ப்ரொசெசருக்குக் கொம்பைல் செய்தால் நகர்த்தலும் கூட்டலும் எஸ்எச்2அட் என்ற ஒரே கட்டளையாகச் சேரும்.

12 பிட் என்றால் -2048 முதல் 2047 வரை. இதைச் சோதிக்க பட்டியல்[600] என்று மாறிலி போட்டுப் பாருங்கள். தூரம் 2400, உள்ளே கொள்ளாது. கொம்பைலர் 4096ஐக் கூட்டிவிட்டு, எடுக்கும்போது -1696 என்று போடலாம். 4096லிருந்து 1696 போனால் 2400. அணியின் சுட்டு நேர் எண்ணாக இருக்கும்போது அசெம்பிளியில் ஏன் மைனஸ் என்று திகைப்பவர்கள் இதைக் கூட்டிப் பார்ப்பதில்லை.

ஆர்ம் 64 பிட் இடைநடுவில் நிற்கிறது. எல்டிஆர் டபிள்யூ0, [எக்ஸ்0, எக்ஸ்1, எல்எஸ்எல் 2] என்று ஒரே கட்டளையில் முடியும். எல்எஸ்எல் 2 என்பது 4ஆல் பெருக்கல். ஆனால் நகர்த்தல் எடுக்கும் தரவின் அளவோடு பொருந்த வேண்டும். 4 பைட் எடுக்கும் கட்டளையில் 0 அல்லது 2 மட்டுமே செல்லும். தவிர, சுட்டு ரெஜிஸ்டரையும் மாறிலிப் பெயர்ச்சியையும் ஒரே அடைப்புக்குள் சேர்த்துப் போட முடியாது. பஸ் அணிக்கு அதனால்தான் முன்கூட்டிக் கூட்டல் கட்டளைகள் வருகின்றன.

8. சுட்டின் வகை

இதுவரை நிலை ஒரு லோங். அதை இன்டாக மாற்றிக் கொம்பைல் செய்யுங்கள். எக்ஸ்86இல் மூவ்எஸ்எக்ஸ் ஆர்எஸ்ஐ, ஈஎஸ்ஐ என்று புதிய வரியொன்று முளைக்கும். முகவரி 64 பிட், நிலை 32 பிட். நிலை -1 ஆகவும் இருக்கலாம் என்பதால் குறியோடு நீட்ட வேண்டும். அன்சைன்ட் இன்டாக மாற்றினால் மூவ் ஈஎஸ்ஐ, ஈஎஸ்ஐ என்று வரும். தன்னைத் தனக்கே பிரதி செய்யும் வெட்டி வரி போலத் தோன்றும், ஆனால் மேல் 32 பிட்டையும் பூச்சியமாக்குவதுதான் அதன் வேலை.

ரிஸ்க்-ஃபைவில் நிலைமை மறுபக்கம். அதன் மரபுப்படி 32 பிட் எண்கள், அன்சைன்ட் உட்பட, ரெஜிஸ்டருக்குள் குறியோடு நீட்டியே வரும். எனவே இன்டுக்கு மேலதிக வேலையில்லை, அன்சைன்டுக்குத்தான் நகர்த்தல்கள் கூடும்.

லூப்புக்குள் அன்சைன்ட் இன்னொரு விதத்திலும் கையைக் கட்டும். பட்டியல்[நிலை + தள்ளு] என்பதில் கூட்டுத்தொகை 2^32ஐத் தாண்டினால் பூச்சியத்துக்குச் சுற்றி வர வேண்டும் என்பது சியின் விதி. கொம்பைலர் அந்தச் சுற்றை மதித்தே ஆக வேண்டும். குறியுள்ள இன்டில் மிகை (எண் கொள்ளளவைத் தாண்டுவது) என்பது வரையறுக்கப்படாத நடத்தை. ஆகவே அது நடக்காது என்று எடுத்துக்கொண்டு, முழுவதையும் 64 பிட்டில் நடத்திவிடும். அணிச் சுட்டுக்கு நான் சைஸ்_டி அல்லது லோங் போடச் சொல்வது இதனால்தான்.

9. லூப்: நான் எழுதிய நிலை எங்கே?

அணியின் எல்லா உறுப்புகளையும் கூட்டும் லூப் ஒன்றை எழுதி, கூட்டுத்தொகையைத் திருப்புங்கள். அசெம்பிளியில் நிலை என்ற எண்ணியைத் தேடினால் கிடைக்காது. லூப்புக்குள் இருப்பது இவ்வளவுதான்: அட் ஈஏஎக்ஸ், [ஆர்டிஐ], பிறகு ஆர்டிஐயோடு 4 கூட்டு, முடிவு முகவரியோடு ஒப்பிடு, இல்லையென்றால் திரும்பப் போ.

ஒவ்வொரு சுற்றிலும் நிலை × 4ஐப் பெருக்குவதைவிட, போன முகவரியோடு 4 கூட்டுவது மலிவு. முடிவு முகவரியை லூப்புக்கு வெளியே ஒருமுறை கணித்துவிட்டால் எண்ணியும் தேவையில்லை. பொயின்டரைக் கூட்டிக்கூட்டிப் போகும்படி சியை நீங்களே எழுதினாலும் இதே அசெம்பிளிதான் வரும். ஆகவே வேகத்துக்காக அப்படி எழுதாதீர்கள், வாசிக்கச் சுலபமானதை எழுதுங்கள்.

இனி இரண்டு அணிகளை உறுப்புக்கு உறுப்பு கூட்டி மூன்றாவதில் போடுங்கள். எக்ஸ்86இல் எண்ணி திரும்ப வந்துவிடும்: [ஆர்டிஐ + ஆர்ஏஎக்ஸ்*4], [ஆர்எஸ்ஐ + ஆர்ஏஎக்ஸ்*4] என்று ஒரே சுட்டை எல்லா அணிகளும் பகிர்ந்துகொள்ளும். மூன்று பொயின்டர்களையும் தனித்தனியே கூட்டுவதைவிட ஒரு எண்ணியைக் கூட்டுவது லாபம். ரிஸ்க்-ஃபைவில் அந்த வசதி இல்லாததால் மூன்று பொயின்டர்களும் தனித்தனியாக நகரும். ஒரே சி கோப்பு, ஒரே கொம்பைலர், முடிவு வேறு. காரணம் ப்ரொசெசர் எந்த முகவரி வடிவங்களைத் தருகிறது என்பது மட்டுமே.

10. கொம்பைலருக்குத் தெரியாதது

இப்போது லூப்பைச் சற்று மாற்றுங்கள். கூட்டுத்தொகையைத் திருப்பாமல், மொத்தம் என்ற இன்ட் பொயின்டர் காட்டும் இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் கூட்டுங்கள். அசெம்பிளியில் ஒவ்வொரு சுற்றிலும் நினைவகத்தில் எழுதும் வரியொன்று லூப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

ரெஜிஸ்டரில் கூட்டி வைத்துக் கடைசியில் ஒருமுறை எழுதினால் என்ன? கொம்பைலருக்கு அந்தத் துணிவு இல்லை. மொத்தமும் பட்டியலின் ஏதோவொரு உறுப்பும் ஒரே முகவரியாக இருக்கலாமே. காலி வீதிப் பக்கம் ஒரு கேற், ஒழுங்கைப் பக்கம் இன்னொரு கேற் உள்ள மூலை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விலாசமும் ஒரே வீடா என்று விலாசத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. மொத்தத்தில் எழுதியது அடுத்த சுற்றில் வாசிக்கும் உறுப்பை மாற்றியிருக்கக்கூடும் என்பதால் கொம்பைலர் ஒழுங்கு தவறாமல் எழுதியும் வாசித்தும் கொண்டே இருக்கும்.

இதற்கு நான் முதலில் சொல்வது உள்ளூர் மாறி. ஃபங்ஷனுக்குள் ஒரு இன்டில் கூட்டி, லூப் முடிந்தபின் மொத்தத்தில் எழுதுங்கள். அதற்கு எந்த ஆபத்தும் இல்லை. ரெஸ்ட்ரிக்ட் என்ற சொல்லைப் பொயின்டருக்குப் போடுவது மற்ற வழி. அது இந்த இடத்தை வேறு பொயின்டர் தொடாது என்று நீங்கள் கொடுக்கும் வாக்கு. வாக்குப் பிசகினால் கொம்பைலர் ஒரு எச்சரிக்கையும் தராமல் பிழையான விடையைத் தரும். அவசரப்பட்டு எல்லாப் பொயின்டருக்கும் ரெஸ்ட்ரிக்ட் ஒட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன், கடைசியில் பிழை எங்கே என்று தேடி அலைவது அவர்கள்தான்.

வகையை வைத்தும் கொம்பைலர் ஊகிக்கும். மொத்தத்தை டபிள் பொயின்டராக்கிப் பாருங்கள், எழுதும் வரி லூப்பை விட்டு வெளியேறும். ஒரே இடத்தை இன்ட் பொயின்டராலும் டபிள் பொயின்டராலும் தொடக்கூடாது என்பது சியின் விதி, -ஓ2 அதை நம்பி நடக்கிறது. சார் பொயின்டருக்கு மட்டும் விதிவிலக்கு, அது எதையும் தொடலாம். லினக்ஸ் கெர்னலில் இந்த ஊகம் வேண்டாம் என்று -எஃப்நோ-ஸ்ட்ரிக்ட்-அலியசிங் போட்டுத்தான் கொம்பைல் செய்கிறார்கள்.

11. குளோபல் மாறி: லிங்கரும் லோடரும்

எண்ணிக்கை என்ற குளோபல் இன்டை வாசிக்கும் ஃபங்ஷனை எழுதி, -எஸ்ஸுக்குப் பதில் -சி கொடுத்து ஒப்ஜெக்ட் கோப்பாக்குங்கள். ஒப்ஜ்டம்ப் -டி -எம் இன்டெல் (-எம் பெரிய எழுத்து) போட்டால் [ஆர்ஐபி + 0] என்று தெரியும். “என் மாறி பூச்சியம் முகவரியிலா?” என்ற கேள்வி வகுப்பில் தவறாமல் வரும்.

கொம்பைலருக்கு எண்ணிக்கை எங்கே இருக்கப்போகிறது என்று தெரியாது. அது 4 பைட்டை வெறுமையாக விட்டு, “இதை நிரப்பு” என்று லிங்கருக்குக் குறிப்பு எழுதிவிடுகிறது. ஒப்ஜ்டம்புக்கு -ஆர் சேர்த்துக் கொடுத்தால் அந்தக் குறிப்பு தெரியும். மெயினோடு லிங்க் செய்தபின் அதே வரியைப் பாருங்கள், உண்மையான எண் நிரம்பியிருக்கும்.

அந்த எண்ணைக் கூட்டும்போது கவனம். ஆர்ஐபி என்பது இந்தக் கட்டளையின் முகவரி அல்ல, அடுத்த கட்டளையினுடையது. கட்டளை ஹெக்ஸ் 1130இல் தொடங்கி 6 பைட் நீளம், பெயர்ச்சி ஹெக்ஸ் 3012 என்றால் மாறி இருப்பது 1136 + 3012 = ஹெக்ஸ் 4148இல். 1130ஓடு கூட்டினால் 6 பைட் பிசகும்.

ஏன் முழு முகவரியைப் போடாமல் தூரத்தைப் போடுகிறது? புரோகிராமை லோடர் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் ஏற்றலாம். கட்டளைக்கும் மாறிக்கும் இடையிலான தூரம் அப்போதும் மாறாது. மாறி வேறொரு பகிர்வு நூலகத்தில் இருந்தால் அந்தத் தூரமும் தெரியாது. -எஃப்பிஐசி போட்டு, மாறியை எக்ஸ்டர்ன் என்று அறிவித்துக் கொம்பைல் செய்தால் இரண்டு வாசிப்புகள் வரும். முதலாவது லோடர் நிரப்பிய ஜிஓடி அட்டவணையிலிருந்து முகவரியை எடுக்கிறது, இரண்டாவது அந்த முகவரியிலிருந்து மதிப்பை எடுக்கிறது.

12. பக்கமும் கேஷும்

குளோபல் மாறியின் முகவரியை அச்சிடும் புரோகிராமைச் சில தடவை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் எண் மாறும், ஆனால் ஹெக்ஸில் கடைசி மூன்று இலக்கங்கள் மாறாது. பக்கம் ஒன்று 4096 பைட், அதாவது 12 பிட், அதாவது மூன்று ஹெக்ஸ் இலக்கம். லோடர் பக்கம் பக்கமாகத்தான் இடம் மாற்றும். பக்கத்துக்குள் உள்ள தூரத்தை லிங்கர் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டது. வழமையான 48 பிட் முகவரியில் மிச்சமுள்ள 36 பிட்டை ஒன்பது ஒன்பதாகப் பிரித்து, நான்கு அடுக்கு அட்டவணையில் தேடித்தான் ப்ரொசெசர் உண்மையான நினைவக இடத்தைக் கண்டுபிடிக்கிறது. ஜிடிபிக்குள் ஓட்டினால் எண் மாறவே மாறாது. முகவரியைக் கலைக்கும் ஏற்பாட்டை அது இயல்பாகவே நிறுத்தி வைத்திருக்கும்.

கடைசிச் சோதனை 1024 × 1024 இன்ட் அணி. நிரை நிரையாக ஒரு தடவை, நிரல் நிரலாக ஒரு தடவை கூட்டி நேரம் பாருங்கள். அசெம்பிளியில் ஒன்று 4 பைட் தாண்டும், மற்றது 4096 பைட் தாண்டும். கட்டளை எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றே, ஓடும் நேரம் ஒன்றல்ல. நிரலாகப் போகும்போது ஒவ்வொரு அடியும் புதிய பக்கம். போதாததற்கு 32 கிலோபைட், 8 வழி (தொகுதிக்கு எட்டு கேஷ் வரி) எல்1 கேஷில் 64 தொகுதிகள் உண்டு. 64 × 64 பைட் 4096. ஆகவே ஒரு நிரலின் 1024 உறுப்புகளும் அதே ஒரு தொகுதியில் எட்டு இடத்துக்குப் போட்டிபோடும், மற்ற 63 தொகுதிகளும் சும்மா கிடக்கும்.

நேரத்தில் வித்தியாசமே தெரியவில்லை என்றால் முதலில் கூட்டுத்தொகையை அச்சிடுகிறீர்களா என்று பாருங்கள். அச்சிடாவிட்டால் லூப்பையே கொம்பைலர் தூக்கியிருக்கும். அடுத்து -ஓ3 கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அந்த மட்டத்தில் ஜிசிசி இரண்டு லூப்களையும் உள்ளே வெளியே மாற்றிப்போட முயலும், நிரல் லூப் உங்களுக்குத் தெரியாமலே நிரை லூப்பாகியிருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் நிரையின் நீளத்தை 1024லிருந்து 1040 ஆக்கி, நிரல் நிரலாகவே ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு நிரையும் இப்போது 4160 பைட், 65 கேஷ் வரி. அடுத்தடுத்த நிரைகள் அடுத்தடுத்த தொகுதிகளுக்குப் போகும். கூடுதலாக இடம் எடுத்தும் நேரம் குறைந்தால், உங்கள் மெஷினில் நேரத்தைத் தின்றது அந்தத் தொகுதிப் போட்டிதான். குறையாவிட்டால் பக்கத் தேடலைச் சந்தேகியுங்கள்.